பையில் வராத ஊசி

1. மேசையும் பையும்

நாமக்கல்லில் சர்க்கரை, தைராய்டு, உடல் எடை மூன்றுக்கும் பார்க்கிற ஒரு கிளினிக்கில், ஊசி போடச் சொல்லித் தரும் சிஸ்டராக நான் சேர்ந்த முதல் நாளே டாக்டரம்மா ஒரு காலி மேசையைக் காட்டினார்.

"இதுதான் உங்க இடம், பேகம் சிஸ்டர். வர்றவங்க பையை இதுல கவிழ்க்கச் சொல்லுங்க. உள்ள என்ன இருக்குன்னு பார்த்துட்டு எங்கிட்ட அனுப்புங்க."

எனக்கு இது புதிதில்லை. என் அத்தா சேலத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர். யார் சாக்கோடு வந்தாலும் தராசில் ஏற்றுவதற்கு முன் தரையில் கொட்டச் சொல்வார். சாக்கின் வாயில் இரும்பு தெரியும், அடியில் கருங்கல் கிடக்கும். அத்தாவின் அந்தக் குணம் எனக்கு அப்படியே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பால் பாக்கெட் வாங்கி வந்தால்கூடத் தேதி பார்க்காமல் உள்ளே எடுத்து வைக்க மாட்டேன். "போலீஸ் வேலைக்குப் போக வேண்டியவ, தப்பா ஆஸ்பத்திரிக்கு வந்துட்ட" என்று அவர் கிண்டல் செய்வார்.

மேசையில் விழாத பொருளில்லை. லேகியம், உடல் இளைக்கும் டீத்தூள், மாமியாரின் சர்க்கரை மாத்திரை, பேரே இல்லாத பொட்டலப் பொடி. "இதெல்லாம் மருந்துல சேருமாங்க?" என்று அப்பாவியாகக் கேட்பார்கள். சேரும் என்றால் முகம் சுருங்கிவிடும். ஆரம்பத்தில் எனக்குக் கோபமாக வரும். டாக்டரம்மா ஒரு நாள் சொன்னார்: "இங்க மறைக்கறவங்க யாரும் கெட்டவங்க இல்ல சிஸ்டர். நாம திட்டுவோம்னு பயம், அவ்வளவுதான். அதனால திட்டாம சந்தேகப்படுங்க."

திட்டாமல் சந்தேகப்படுவது சாதாரணக் கலை இல்லை. எனக்கு அது கைவர நாளாயிற்று. புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்காக இதை எழுதுவதால், என் சந்தேகம் எங்கே சரியாக வேலை செய்தது, எங்கே பாதி வழியில் நின்றுபோனது என்பதை ஒரே ஒரு ஆளை வைத்துச் சொல்லிவிடுகிறேன்.

2. சுத்தமான பை

அவர் பெயர் தங்கவேல். சேந்தமங்கலம் போகும் வழியில் லேயர் பண்ணை, அதாவது முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர். நல்ல உயரம், அதற்குத் தகாத எடை. கூடவே அவர் மனைவி கோகிலா வந்திருந்தார். அந்தம்மாவின் இடது கையில் டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைத்த இடம் தடித்துத் தெரிந்தது.

விஷயம் இதுதான். கோகிலாவின் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. தங்கவேல் தன்னுடையதில் ஒன்றைத் தருவதாக முன்வந்தார். ரத்த வகை பொருந்தியது, மற்றப் பரிசோதனைகளும் பொருந்தின. ஆனால் அறுவை சிகிச்சை செய்யப்போகும் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில், "இந்த எடையோட உங்ககிட்ட இருந்து எடுக்க முடியாது, குறைச்சுட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அவருக்குச் சர்க்கரை கிடையாது. எடைக்காக மட்டும் டாக்டரம்மா வாரம் ஒருமுறை போடும் ஊசியை எழுதினார்.

அவருடைய பையை மேசையில் கவிழ்த்தேன். கோகிலாவின் மருந்துகள் தனியாக, அவருடைய பரிசோதனைத் தாள்கள் தனியாக, ஒரு தண்ணீர் பாட்டில். வேறெதுவும் இல்லை. எனக்கு இப்படிச் சுத்தமாக இருக்கிற பையைப் பிடிப்பதில்லை. பண்ணைக்காரர் பையில் ஒரு தலைவலி மாத்திரையாவது கிடக்க வேண்டாமா?

"வேற எதாச்சும் சாப்பிடறீங்களாண்ணா? பொடி, டானிக், ஜிம்ல குடுக்கற புரோட்டீன்?"

"ஒண்ணுமில்லீங்க சிஸ்டர். நடக்கறதுக்கும் தூக்கறதுக்கும் ஜிம்முக்குப் போறனுங்க, அவ்வளவுதானுங்க."

பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசியை எப்படிப் பிடிப்பது, வயிற்றில் எங்கே போடுவது, எத்தனை நொடி அழுத்திப் பிடிப்பது என்று செய்து காட்டினேன். மருந்தைச் சின்ன அளவில் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறைதான் கூட்ட வேண்டும். வயிறு மெதுவாகக் காலியாகும், பசி குறையும், குமட்டல் வரலாம். வாந்தி நிற்காமல் வந்தாலோ, தண்ணீர் குடிக்க முடியாமல் போனாலோ, வயிறு பலமாக வலித்தாலோ உடனே வர வேண்டும். இதையெல்லாம் சொல்லி முடித்ததும் தங்கவேல் சாதாரணமாக ஒன்று கேட்டார்.

"ஏனுங்க சிஸ்டர், கோழிக்கு நாங்க ரெண்டு வேக்சினை ஒரே நாள்ல போட்டுருவோமுங்க. ரெண்டு தடவை புடிச்சா கோழி பயந்து முட்டை குறைஞ்சுபோயிரும். மனுசனுக்கும் அப்படிப் போடலாமுங்களா?"

"எந்த ரெண்டு ஊசிண்ணா?"

"சும்மா கேட்டனுங்க."

சும்மா கேட்பவர்களை எனக்குத் தெரியும். கையிலிருப்பது ஒரே ஒரு ஊசி என்றால் இரண்டைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் நேராகவே கேட்டார். தங்கவேல் சிரித்துக்கொண்டே இல்லை என்றார். கோகிலாவும், "அவருக்கு வாய் சும்மா இருக்காதுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டார். அந்தம்மாவுக்கு அப்போது நிஜமாகவே எதுவும் தெரியாது.

3. உள்ளங்கை

அடுத்த முறை தங்கவேல் தனியாக வந்து எடை மெஷினில் நின்றார். நான் இரண்டு முறை ஏறி இறங்கச் சொன்னேன். இவ்வளவு சின்ன அளவு மருந்துக்கு இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு இறங்காது. கன்னம் ஒட்டி, உதடு காய்ந்திருந்தது. ஆளோ திருவிழாவுக்கு வந்தவர் போலச் சந்தோஷமாக இருந்தார்.

"இப்படியே போனா அடுத்த மாசமே கோயம்புத்தூருக்குப் போயரலாமுங்க சிஸ்டர்."

"எப்படிப் போடறீங்கன்னு ஒருக்கா செஞ்சு காட்டுங்கண்ணா" என்று பயிற்சிக்கு வைத்திருக்கும் பேனாவைக் கொடுத்தேன்.

அவர் அதை வாங்கியதும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டினார். பிறகு தலைகீழாகப் பிடித்து விரலால் சுண்டினார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பால் போலக் கலங்கலாக இருக்கும் சில இன்சுலினைத்தான் அப்படி உருட்டச் சொல்வோம். இந்த மருந்து தண்ணீர் போலத் தெளிந்தது. உருட்டச் சொல்லி நான் சொல்லவே இல்லை. பொடியில் தண்ணீர் விட்டுக் கரைக்கிறவர்தான் நுரை வராமலிருக்க அப்படி உருட்டுவார்.

"எதுக்கு உருட்டறீங்க?"

"கோழி வேக்சின் கரைக்கற கைப்பழக்கமுங்க. பொடியா வரும், டைலுயன்ட் ஊத்தி உருட்டித்தானுங்க போடுவோம்."

பதில் பொருத்தமாகத்தான் இருந்தது. அதனாலேயே எனக்கு இன்னும் சந்தேகம் கூடியது. சட்டையைத் தூக்கச் சொல்லி வயிற்றைப் பார்த்தேன். வாரத்துக்கு ஒரு குத்து, அதுவும் மயிரிழை ஊசி, தடமே தெரியக்கூடாது. இவருக்கு இடப்பக்கம் வரிசையாகச் சிவந்த தடிப்புகள்.

"பண்ணையில கொசு கடிச்சுப் பிச்செடுக்குதுங்க" என்றார்.

கொசு வரிசை பார்த்துக் கடிக்குமா? டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "தங்கவேல், நான் கேட்கறதுக்கு உண்மையைச் சொல்லுங்க. வேற ஊசி எதாச்சும் போட்டுக்கறீங்களா? கோபப்பட மாட்டேன். மருந்துகளைச் சேர்த்துப் போடும்போது எனக்குத் தெரிஞ்சாத்தான் உங்களைக் காப்பாத்த முடியும்."

"கோகிலா மேல சத்தியமா இல்லீங்க டாக்டர்."

டயாலிசிஸில் இருக்கும் மனைவியின் மேல் ஒருவர் எதற்காக இவ்வளவு சுலபமாகச் சத்தியம் செய்கிறார்? டாக்டரம்மா வார ஊசியை நிறுத்தச் சொல்லிவிட்டு, அன்றே ரத்தம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். "லாரி வந்து நிக்குதுங்க, முட்டை ஏத்தோணும். நாளைக்கு வாரேனுங்க" என்று கிளம்பினார். மறுநாள் வரவில்லை. நான் போன் செய்தேன், எடுக்கவில்லை. என் சந்தேகம் அதோடு நின்றது. வீடு தெரியும், கோகிலாவின் எண்ணும் தெரியும். ஆனால் நோயாளியின் ரகசியத்தை அவர் மனைவியிடம் போய்க் கேட்கலாமா என்று தயங்கினேன்.

4. தீவனம்

சில நாள் கழித்து ஒரு மதியம் கோகிலாவே கூப்பிட்டார். டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"சிஸ்டர், அவரு முந்தாநேத்தில இருந்து ஒரு வாய் சோறு எடுக்கலீங்க. தண்ணி குடிச்சாக்கூட வாந்தி. கட்டில்ல சுருண்டு கெடக்கறாரு. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா வரமாட்டேங்கறாருங்க."

"என்ன சொல்றாரும்மா?"

"ஊசி போட்டா ரியாக்ஷன் இருக்குமாங்க. கோழி ரெண்டு நாள் தீவனம் எடுக்காது, அப்பறம் தானாச் சரியாயிருமாங்க. தீவனம் எடுக்கலைன்னா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தமாமுங்க."

பண்ணையில் அது சரியான கணக்குதான். வேக்சின் போட்ட பேட்ச் ஓரிரு நாள் தீனி குறைத்து எடுக்கும், அதைப் பார்த்துப் பண்ணைக்காரர் பதற மாட்டார், காத்திருப்பார். அந்தப் பொறுமையைத்தான் இவர் தன் உடம்பின் மேல் காட்டிக்கொண்டிருந்தார்.

"கோகிலாம்மா, உடனே வண்டியில ஏத்திக் கூட்டிட்டு வாங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு. வீட்டு பிரிட்ஜ்ல ஊசி மருந்து எதாச்சும் இருக்குதா?"

"நீங்க குடுத்த பேனா மட்டும் இருக்குதுங்க. ஊட்டுல நான் அறியாம ஒண்ணும் இருக்காதுங்க."

"பண்ணையில வேக்சின் வைக்கற பிரிட்ஜ் இருக்குமே. அதைத் திறந்து பாருங்க."

கொஞ்ச நேரம் போனில் கோழிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு கோகிலாவின் குரல் மாறிவிட்டது. "சிஸ்டர், வேக்சின் பாட்டிலுக்குப் பின்னாடி ஒரு டப்பா இருக்குதுங்க. உள்ள குட்டிக் குட்டிக் குப்பி. வெள்ளையாப் பொடி. வெறும் இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும்தான் போட்டிருக்குது."

"அப்படியே எடுத்துட்டு வாங்க."

குப்பி டப்பாவை வைத்த தெர்மாக்கோல் பெட்டியை வலது கையில் அணைத்துக்கொண்டு கோகிலா வந்து இறங்கினார். இடது கையால் பாரம் தூக்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். பின்சீட்டில் தங்கவேல் கண் செருகிக் கிடந்தார். நல்லவேளை, பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. டாக்டரம்மா கூடவே வந்து சேர்த்தார். சலைன் ஏறத் தொடங்கியது.

5. யாருடைய சிறுநீரகம்

ரத்தப் பரிசோதனைத் தாள் வந்ததும் அதை முதலில் வாங்கிப் பார்த்தவர் கோகிலா. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எண்ணைப் படிக்க அந்தம்மாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தன்னுடைய தாள்களில் வருடக்கணக்காக அதைத்தான் பார்த்து வருகிறார். இருக்க வேண்டியதைவிட அது மிக அதிகமாக ஏறியிருந்தது. தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

தங்கவேலுக்குப் பேச்சு வந்ததும் டாக்டரம்மா கட்டிலோரம் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். குப்பியின் மேல், ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்குப் பயன்படுத்த அல்ல என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது.

"இது யார் குடுத்தது?"

"ஜிம் மாஸ்டருங்க. இது பெப்டைடுன்னு ஒரு மருந்தாமுங்க. டாக்டர் ஊசி கொழுப்போட சதையையும் கரைச்சுப்போடும், இதைச் சேர்த்துப் போட்டா சதை நிக்கும், எடையும் சீக்கிரம் எறங்கும்னாருங்க."

"நிறுத்தச் சொன்ன வார ஊசியை நிறுத்தினீங்களா?"

"இல்லீங்க. ரெண்டையும் ஒரே நாள்ல போட்டனுங்க."

"பொடியை எதுல கரைச்சீங்க?"

அவர் என் பக்கம் திரும்பினார். நான் சொன்னேன்: "சொல்லிருங்கண்ணா."

"கூடக் குடுத்த தண்ணி தீந்துபோச்சுங்க. பண்ணையில டைலுயன்ட் இருந்துச்சு. அதுவும் கிருமியில்லாததுதானுங்களே."

டாக்டரம்மா கண்ணை மூடித் திறந்தார். இத்தனை வருடத்தில் எத்தனையோ கேட்டிருக்கிறோம். கோழிக்கு வேக்சின் கரைக்கும் நீரில் பேர் தெரியாத பொடியைக் கரைத்துத் தன் வயிற்றில் ஏற்றிக்கொண்டவர் இவர் ஒருவர்தான்.

"தங்கவேல், சேர்த்துப் போடலாமான்னு கேட்கறதுக்கு முன்னாடி சேர்க்கறது என்னன்னு தெரியணும். இந்தக் குப்பியில என்ன இருக்கு, எவ்வளவு இருக்கு, சுத்தமா இருக்கான்னு எனக்குத் தெரியாது, மாஸ்டருக்கும் தெரியாது. ஒருவேளை இதுவும் வார ஊசி மாதிரியே பசியை அடைக்கற மருந்தா இருந்தா, ரெண்டு மடங்கு மருந்து ஏறியிருக்கும். இல்ல வேற எதுவோன்னா, அந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டு யாரும் பாதுகாப்புன்னு நிரூபிச்சதில்ல. எப்படியோ வாந்தி நிக்கல, தண்ணி உள்ள போகல, சிறுநீரகம் வாடிப்போச்சு."

"டாக்டர், கோயம்புத்தூருக்குச் சொல்லிராதீங்க" என்று அவர் எழுந்து உட்காரப் பார்த்தார். "கேட்டா என்னை வேண்டாம்னுருவாங்க. அவ அந்த மிசின்ல படுத்துட்டு வர்றதைப் பார்க்க முடியலீங்க. சீக்கிரம் எடை குறைஞ்சா சீக்கிரம் குடுத்தரலாம்னுதானுங்க பண்ணுனேன்."

முதல் நாளிலிருந்து நான் சந்தேகப்பட்டது சரிதான். ஆனால் எதை மறைக்கிறார் என்று துருவிய நான், எதற்காக மறைக்கிறார் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த கோகிலா எழுந்து கட்டிலருகே வந்தார். அழுவார் என்று நினைத்தேன். கோபத்தில் முகம் சிவந்திருந்தது.

"ஏனுங்க, அது உங்க கிட்னின்னு உங்களுக்கு யாரு சொன்னா? எனக்குத் தர்றேன்னு நீங்க சொன்ன அன்னைக்கே அது என்னுதுங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம எப்படி அதுல கண்டதையும் ஊத்துனீங்க?"

தங்கவேல் மறுபடி தலையணையில் சாய்ந்தார். கோகிலா டாக்டரம்மா பக்கம் திரும்பினார்.

"கோயம்புத்தூருக்கு எல்லாத்தையும் சொல்லிருங்க டாக்டர். ஒண்ணு விடாமச் சொல்லுங்க. நான் காத்திருந்துக்கறனுங்க."

6. இப்போது கேட்பது

சலைன் ஏற ஏறச் சிறுநீர் வந்தது. கிரியேட்டினின் மெதுவாக இறங்கிப் பழைய இடத்துக்கு வந்தது. தப்பித்தது அதிர்ஷ்டம் என்றுதான் டாக்டரம்மா சொன்னார். குப்பியில் என்ன இருந்தது என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் புகார் எழுதி, பெட்டியையும் ஒப்படைத்தார். ஜிம் மாஸ்டரின் போன் அன்றிலிருந்து அணைந்தே இருக்கிறது. வேறு ஊரில் வேறு யாருக்காவது விற்றுக்கொண்டிருப்பார் என்பது என் சந்தேகம். அதை விடுவதாக இல்லை.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தேதி தள்ளிப்போனது. இன்னும் பல மாதம் பொறுத்து, சிறுநீரகத்தை மறுபடி மறுபடி சோதித்து, எடை நிதானமாக இறங்கியிருந்தால் மட்டும் பார்க்கலாம் என்றார்கள். சீக்கிரம் முடிக்கப் போய், கோகிலா இன்னும் அத்தனை மாதம் மெஷினில் படுக்க வேண்டியதாயிற்று. இதை எழுதும் இன்றும் அந்தம்மா டயாலிசிஸுக்குத்தான் போய்வருகிறார்.

புதிதாக வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். வேறு மருந்து ஏதாவது உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். அதனால் அதோடு விடாதீர்கள். வீட்டில், கடையில், பண்ணையில் எத்தனை பிரிட்ஜ் இருக்கிறது என்று கேளுங்கள். ஜிம்மில், பார்லரில் யாராவது ஊசி கொடுத்தார்களா, செல்போனில் பார்த்து எதையாவது வாங்கினார்களா என்று கேளுங்கள். பேனாவைக் கையில் கொடுத்து, கை என்ன செய்கிறது என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், "எதுக்கு இவ்வளவு அவசரம்?" என்று கேளுங்கள். நான் அந்த ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால், மேசைக்கு வராத அந்தக் குப்பியைப் பற்றி அவரே சொல்லியிருக்கவும் கூடும்.

போன வாரம் இருவரும் வந்தார்கள். டாக்டரம்மா எழுதிய வார ஊசி மறுபடி மிகச் சின்ன அளவில் தொடங்கியிருக்கிறது. எடை கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. தங்கவேலுக்கு அதில் வருத்தம். நான் சொல்லாமலே பையை எடுத்து மேசையில் கவிழ்த்தார். பேனா, தாள்கள், தண்ணீர் பாட்டில், தலைவலிக்கு ஒரு மாத்திரை.

"அவ்வளவுதானுங்க சிஸ்டர். வேற ஒண்ணுமில்லீங்க."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கோகிலாவைப் பார்த்தேன். அந்தம்மா இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினார்.

"பண்ணை பிரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டாச்சுங்க. தெனமும் காலைல என் கிட்னி எப்படி இருக்குதுன்னு அவரைக் கேட்டுட்டுத்தான் தொறந்தே உடறேன்."